பங்குக் கணக்கு: பகுதிகள் வேறான பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும்

கொம்பனித்தெருவில் பல ஆண்டுகளாக மாலை வகுப்பில் கணிதம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். தரம் 6, தரம் 7 பிள்ளைகள்தான் என் மாணவர்கள். அவர்களின் குடும்பங்களில் வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இடம்பெயர்ந்து வந்தவர்கள் உண்டு. மலையகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களும், தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் முஸ்லிம்களும் மலாய் மக்களும் உண்டு. பிள்ளைகள் பின்னக் கணக்கோடு வருவார்கள். சில நாட்களில் அவர்களின் தாயோ பேரனோ காணி உறுதியின் நிழற்பிரதியோடு வருவார்கள். "ரீச்சர், இதில எங்களுக்கு எவ்வளவு வரும் எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்பார்கள். பிள்ளையின் பாடமும் பெரியவரின் கேள்வியும் ஒரே கணக்குத்தான். ஆகவே இரண்டையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

போர் முடிந்து காணிக்குத் திரும்பியவர்களிலும், இன்னும் திரும்ப முடியாதவர்களிலும் பலர் பங்குச் சொந்தக்காரர்கள். அவர்களின் உறுதியில் "பிரிபடாத 1/4 பங்கு", "பிரிபடாத 5/12 பங்கு" என்றுதான் இருக்கும். எல்லையும் வேலியும் அதில் இராது. அந்தப் பின்னங்களை ஒழுங்காகக் கூட்டத் தெரியாதவர் தன் பங்கு எவ்வளவு என்பதை இன்னொருவர் சொல்லித்தான் அறிய வேண்டியிருக்கிறது.

நேராகக் கூட்டினால் ஏன் பிழைக்கிறது

1/2 உம் 1/3 உம் எவ்வளவு என்று கேட்டால், புதிதாகப் படிக்கும் பிள்ளைகள் அநேகமாக 2/5 என்பார்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுவதால் வரும் விடை அது. அது பிழை என்பதை நிறுவ விதி எதுவும் தேவையில்லை. 2/5 அரையை விடக் குறைவு. அரைப் பாணோடு இன்னொரு துண்டைச் சேர்த்தபின் அரைப் பாணிலும் குறைவாக இருக்க முடியாது.

பின்னத்தின் கீழ் எண்ணைப் பகுதி என்றும் மேல் எண்ணைத் தொகுதி என்றும் பாடப்புத்தகம் சொல்லும். முழுதை எத்தனை சம துண்டுகளாக வெட்டினோம் என்பதைப் பகுதி காட்டுகிறது. அவற்றில் எத்தனையை எடுத்தோம் என்பதைத் தொகுதி காட்டுகிறது. இரண்டாக வெட்டிய துண்டும் மூன்றாக வெட்டிய துண்டும் அளவில் வேறானவை. அவற்றை ஒன்றாக எண்ணுவது பரப்பையும் பேர்ச்சையும் சேர்த்து எண்ணுவதைப் போன்றது. இரண்டு பரப்பும் மூன்று பேர்ச்சும் ஐந்து என்று யாரும் சொல்வதில்லை. பரப்பைப் பேர்ச்சாக மாற்றி 20 உம் 3 உம் 23 பேர்ச் என்போம். பின்னத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. எல்லாத் துண்டுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பொது அளவுதான் பொதுப் பகுதி.

1/2 ஐயும் 1/3 ஐயும் ஆறில் ஒன்றுகளாக வெட்டலாம். 1/2 என்பது 3/6. 1/3 என்பது 2/6. கூட்டினால் 5/6. தொகுதியையும் பகுதியையும் ஒரே எண்ணால் பெருக்கும்போது பின்னத்தின் பெறுமதி மாறாது. துண்டின் அளவும் துண்டுகளின் எண்ணிக்கையும்தான் மாறும். இப்படிப்பட்ட பின்னங்களைச் சமவலுப் பின்னங்கள் என்கிறோம். முழு முறைக்கும் அடிப்படை இந்த ஒரு கருத்துத்தான்.

பொதுப் பகுதியைக் காண்பது

மூன்று நிலைமைகள் வரும்.

முதலாவது, ஒரு பகுதி மற்றதை மீதியின்றி வகுக்கும் நிலை. 1/4 உம் 3/8 உம் என்றால் 8 போதும். 2/8 உம் 3/8 உம் 5/8.

இரண்டாவது, பகுதிகளுக்கு 1 ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத நிலை. 1/4 உம் 2/5 உம் என்றால் நான்கையும் ஐந்தையும் பெருக்கி 20 எடுக்கலாம். 5/20 உம் 8/20 உம் 13/20.

மூன்றாவது, பகுதிகளுக்கு இடையே பொதுக் காரணி இருந்தும் ஒன்று மற்றதை வகுக்காத நிலை. பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். 1/12, 1/18, 1/20 ஆகிய மூன்றையும் கூட்ட வேண்டும் என்று வைப்போம். மூன்று பகுதிகளையும் பெருக்கினால் 4320 வரும். அதை வைத்தும் சரியான விடையைப் பெறலாம், ஆனால் வேலை நீளும், கை தவறும். அதற்குப் பதிலாக முதன்மைக் காரணிகளைப் பார்க்கலாம். 12 என்பது 2 × 2 × 3. 18 என்பது 2 × 3 × 3. 20 என்பது 2 × 2 × 5. ஒவ்வொரு காரணியும் எந்த எண்ணில் மிகக் கூடுதலான தடவை வருகிறதோ அத்தனை தடவை அதை எடுக்க வேண்டும். இரண்டு 2, இரண்டு 3, ஒரு 5. பெருக்கினால் 180. இதுவே பொது மடங்குகளுட் சிறியது. இப்போது 15/180, 10/180, 9/180. கூட்டினால் 34/180. இரண்டால் சுருக்கினால் 17/90.

இந்தச் சிக்கனம் நேற்று வந்ததல்ல. ஏறத்தாழ கி.பி. 850 இல் கன்னட நாட்டில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர் தமது 'கணிதசாரசங்கிரகம்' என்ற நூலில் பின்னங்களை ஒரே பகுதிக்குக் கொண்டுவர இந்தச் சிறிய பொது மடங்கைப் பயன்படுத்தியிருக்கிறார். அதற்கு அவர் 'நிருத்தம்' என்று பெயரிட்டிருந்தார்.

முந்திரிக் கணக்கு

பழைய தமிழ்க் கணக்கில் இந்தத் தேடலே பெரும்பாலும் தேவைப்படவில்லை. அரை, கால், அரைக்கால் (1/8), மாகாணி அல்லது வீசம் (1/16), மா (1/20), காணி (1/80), அரைக்காணி (1/160), முந்திரி (1/320) என்று ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயர் இருந்தது. இவை எல்லாவற்றையும் முந்திரியில் எண்ணிவிடலாம். அரை 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, வீசம் 20, மா 16, காணி 4. அதாவது 320 என்ற பொதுப் பகுதி அந்த முறைக்குள்ளேயே இருந்தது. கணக்கப்பிள்ளைகள் வாய்ப்பாடாக மனனம் செய்ததும் இதைத்தான்.

நமது காணி அளவைகள் இதோடு பொருந்தி வருவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். ஓர் ஏக்கர் 160 பேர்ச். யாழ்ப்பாணப் பரப்பு 10 பேர்ச். ஆகவே ஏக்கருக்கு 16 பரப்பு. ஏக்கரில் வீசம் என்றால் ஒரு பரப்பு, அரைக்காணி என்றால் ஒரு பேர்ச், முந்திரி என்றால் அரைப் பேர்ச். இது எண்கள் தற்செயலாகப் பொருந்துவதுதான். ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு. 320 இன் முதன்மைக் காரணிகள் 2 உம் 5 உம் மட்டுமே. அதில் 3 கிடையாது. ஆகவே மூன்று பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கும்போது முந்திரியில் மீதி விழும். இன்று கணிப்பானில் 0.33 என்று எழுதும்போதும் இதே குறைதான் வருகிறது. 60 பேர்ச் காணியை மூவருக்கு 0.33 வீதம் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 19.8 பேர்ச். மூன்றையும் கூட்டினால் 59.4. மீதி 0.6 பேர்ச், ஏறத்தாழ 163 சதுர அடி, யார் பெயரிலும் இல்லாமல் நிற்கும். ஒரு சமையலறைக்குக் காணும் இடம் அது. காணிப் பங்கைத் தசமத்தில் எழுதாமல் பின்னத்தில் எழுதுவதற்கு இதுவே காரணம்.

உறுதிகளைக் கூட்டிப் பார்ப்பது

ஓர் உதாரணத்தைப் படிப்படியாகச் செய்து பார்ப்போம். குடும்பம் கற்பனை, கணக்கு எங்கும் நடப்பது. 6 பரப்புக் காணி, அதாவது 60 பேர்ச். நான்கு சகோதரர்களுக்கு ஆளுக்கு 1/4. மூத்தவர் அண்ணன், அடுத்தவர் அக்கா, மூன்றாவது தங்கை, கடைசி தம்பி. அக்கா வெளிநாட்டில் இருக்கிறார். அவர் தன் பங்கில் அரைவாசியைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணன் தன் பங்கில் மூன்றில் ஒன்றைத் தங்கைக்கு எழுதிக் கொடுத்தார். தம்பி 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டார். தங்கைக்கு இப்போது எவ்வளவு?

அவருடைய சொந்தப் பங்கு 1/4. அக்கா கொடுத்தது 1/4 இன் அரைவாசி, அதாவது 1/8. அண்ணன் கொடுத்தது 1/4 இன் மூன்றில் ஒன்று, அதாவது 1/12. நான்கு, எட்டு, பன்னிரண்டு மூன்றுக்கும் பொது மடங்குகளுட் சிறியது 24.

1/4 = 6/24
1/8 = 3/24
1/12 = 2/24
கூட்டுத்தொகை 11/24.

60 பேர்ச்சில் 24 இல் ஒன்று 2.5 பேர்ச். ஆகவே தங்கைக்கு 27.5 பேர்ச், அதாவது 2 பரப்பும் 7.5 பேர்ச்சும்.

கணக்கு இங்கே முடியவில்லை. மற்றவர்களின் மீதியையும் எழுத வேண்டும். அக்காவுக்கு 1/4 இலிருந்து 1/8 ஐக் கழிக்க 3/24. அண்ணனுக்கு 1/4 இலிருந்து 1/12 ஐக் கழிக்க 4/24. தம்பிக்கு 6/24. எல்லாவற்றையும் கூட்டினால் 11 + 3 + 4 + 6 = 24. முழுக் காணி சரியாக வந்துவிட்டது. எந்தப் பங்குக் கணக்குக்கும் கடைசிச் சோதனை இதுதான். எல்லோருடைய தொகுதிகளையும் கூட்டினால் பகுதி வர வேண்டும். குறைந்தால் யாரோ ஒருவர் விடுபட்டிருக்கிறார். கூடினால் யாரோ தன்னிடம் இல்லாததை எழுதியிருக்கிறார்.

இதனால்தான் காணிக் கணக்கில் இடையில் எதையும் சுருக்க வேண்டாம் என்று சொல்கிறேன். வகுப்பில் 4/24 ஐ 1/6 என்று சுருக்காவிட்டால் புள்ளி குறையலாம். உறுதிகளை ஒப்பிடும் வேளையில் எல்லாவற்றையும் 24 இலேயே விட்டால்தான் ஒரே பார்வையில் சரிபார்க்க முடியும்.

இல்லாதவரின் பங்கு

மேலே உள்ள கணக்கில் ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்போம். அண்ணன் "எனது பங்கில் 1/3" என்று எழுதாமல் "காணியில் 1/3" என்று எழுதிக் கொடுத்திருந்தால்? 1/3 என்பது 8/24. அவரிடம் இருந்ததோ 6/24. தங்கையின் உறுதிகளை அப்படியே கூட்டினால் 6 + 3 + 8 = 17. அக்காவின் 3, தம்பியின் 6. மொத்தம் 26/24. காணியில் இல்லாத 2/24, அதாவது 5 பேர்ச், தாளில் இருக்கிறது.

தன்னிடம் இல்லாத பங்கை எவராலும் கைமாற்ற முடியாது. சட்டப்படி அண்ணனால் கொடுக்கக்கூடியது 6/24 மட்டுமே. ஆனால் நிலத்தில் நடப்பது வேறு. வேலி போடும் நேரத்தில் அக்கா வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் கேள்வி கேட்பார். தம்பி கேட்க மாட்டார். கூடுதலான 5 பேர்ச் சத்தமில்லாமல் அவருடைய 15 பேர்ச்சிலிருந்துதான் போகும். பிறகு ஒருநாள் அவருடைய மனைவியோ பிள்ளையோ வந்து கேட்கும்போது "உங்கட பங்கு இவ்வளவுதான்" என்று 10 பேர்ச்சைக் காட்டுவார்கள். யாரும் வேண்டுமென்று பறித்ததாக இராது. கணக்கைச் சோதித்துப் பார்க்க ஆள் இல்லாமல் போயிருக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டவரை விட்டுவிட்டு "இருக்கிற மூன்று பேருக்கும் 1/3 வீதம்" என்று பகுதியை நான்கிலிருந்து மூன்றாக மாற்றுவதையும் கண்டிருக்கிறேன். கணித ரீதியிலும் சட்ட ரீதியிலும் அது பிழை. ஒருவர் காணாமற்போனதால் அவருடைய பங்கு சகோதரர்களிடம் தானாகப் போய்ச் சேர்வதில்லை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழ் பெற வழி செய்தது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அவர் இறந்தார் என்று சொல்லாமலே அவர் இல்லை என்பதைப் பதியும் சான்றிதழுக்கு வழி செய்தது. இரண்டும் ஒன்றல்ல. மரணச் சான்றிதழ் எடுத்தால் அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்கு இறங்கும். மற்றச் சான்றிதழில் அவர் இன்னமும் பங்குச் சொந்தக்காரரே.

மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்துத் தெருவில் போராடும் தாய்மார் எத்தனையோ பேர். அவர்களிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நீங்கள் எந்தச் சான்றிதழை எடுத்தாலும், எதையும் எடுக்காமல் விட்டாலும், பங்கை எழுதும் தாளில் உங்கள் பிள்ளையின் பெயருக்கு எதிரே அந்த 6/24 இருக்க வேண்டும். அதை அழித்து எழுதிய தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம்.

ஆறு பேர்ச் வீடும் ஆறு சொந்தக்காரரும்

கொம்பனித்தெருவின் நிலைமை வேறு. இங்கே நிலம் சிறியது, உரிமையாளர்கள் அதிகம். 2010 மே மாதத்தில் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதை இங்கு யாரும் மறக்கவில்லை. அதன் பின் உயர்ந்த மாடிக் கட்டடங்களுக்காகப் பல தோட்டங்கள் வெறுமையாக்கப்பட்டன. காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அரசு ஒரு காணியை எடுத்தால் நட்டஈடு ஒவ்வொருவருடைய உரிமையின் அளவுக்கே வரும். அப்போது பின்னம் பணமாக மாறுகிறது.

பொதுச் சட்டத்தின் கீழ் வரும் ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய வாழ்க்கைத்துணைக்கு அரைவாசி, மற்ற அரைவாசி பிள்ளைகளுக்குச் சமமாக. 6 பேர்ச் காணி. தந்தை இறந்தார். தாய்க்கு 1/2, மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1/6. பின்னர் ஒரு மகன் இறந்தார். அவருடைய 1/6 இல் அரைவாசி, அதாவது 1/12, அவருடைய மனைவிக்கு. மற்ற 1/12 அவருடைய இரு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1/24. பொதுப் பகுதி 24. தாய் 12, இரு பிள்ளைகள் 4 உம் 4 உம், மருமகள் 2, பேரப்பிள்ளைகள் 1 உம் 1 உம். மொத்தம் 24.

அடுத்துத் தாயும் இறக்கிறார். அவருடைய 12/24 மூன்று கிளைகளுக்கு 4/24 வீதம் போகும். இறந்த மகனின் கிளைக்குரிய 4 அவருடைய பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2. மருமகளுக்கு இதில் பங்கில்லை. இறுதியில் இரு பிள்ளைகளுக்கும் 8/24 வீதம், மருமகளுக்கு 2/24, பேரப்பிள்ளைகளுக்கு 3/24 வீதம். கூட்டினால் மறுபடியும் 24. ஒரு பேரப்பிள்ளைக்கு முக்கால் பேர்ச், ஏறத்தாழ 204 சதுர அடி. சிறிய அளவுதான். ஆனாலும் கொழும்பு 2 இல் முக்கால் பேர்ச்சின் பெறுமதி ஒரு பிள்ளையின் படிப்பைக் கரை சேர்க்கக்கூடியது.

அயலில் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இஸ்லாமிய வாரிசுரிமையை ஏற்கிறது. அங்கே ஒரு புகழ்பெற்ற கணக்கு உண்டு. இறந்தவருக்கு மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை. குறித்த பங்குகள் மனைவிக்கு 1/8, மகள்களுக்குச் சேர்த்து 2/3, தாய்க்கு 1/6, தந்தைக்கு 1/6. பொதுப் பகுதி 24. தொகுதிகள் 3, 16, 4, 4. கூட்டினால் 27. முழுதை விடக் கூடிவிட்டது. பழைய சட்ட அறிஞர்கள் பகுதியை 27 ஆக உயர்த்தினார்கள். ஒவ்வொருவர் பங்கும் ஒரே விகிதத்தில் குறைந்தது. மனைவியின் 1/8 இப்படி 3/27 ஆகி, 1/9 ஆனது. பற்றாக்குறையை ஒருவர் தலையில் போடாமல் எல்லோரும் சுமந்தார்கள்.

யாழ்ப்பாணத் தமிழருக்கு உரிய தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று விதிகள் மாறும். எந்தச் சட்டம் உங்கள் காணிக்குப் பொருந்தும் என்பதைச் சட்டத்தரணியோ நொத்தாரிசோதான் சொல்ல வேண்டும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். எந்தச் சட்டமானாலும் பங்குகள் கிடைத்த பின் கூட்டும் முறை ஒன்றே.

கடன் வாங்கிக் கழித்தல்

கலப்பு எண்களில் ஒரு தடுமாற்றம் வரும். 2 3/4 பரப்பிலிருந்து 1 5/6 பரப்பை விற்றால் மீதி எவ்வளவு? பொதுப் பகுதி 12. 2 9/12 இலிருந்து 1 10/12 ஐக் கழிக்க வேண்டும். 9 இலிருந்து 10 போகாது. ஒரு முழுப் பரப்பை உடைத்து 12/12 ஆக்கி 9/12 உடன் சேர்த்தால் 1 21/12. இப்போது கழித்தால் 11/12 பரப்பு, அதாவது 9 பேர்ச்சுக்குச் சற்றுக் கூட.

கையொப்பத்துக்கு முன்

என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன். ஒரு கொப்பித் தாளில் எல்லாப் பங்காளிகளின் பெயரையும் எழுதுங்கள். இறந்தவர், வெளிநாட்டில் உள்ளவர், காணாமல் ஆக்கப்பட்டவர் எவரையும் விட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் எந்த உறுதியால் எந்தப் பின்னம் வந்தது என்று எழுதுங்கள். "காணியில்" என்றிருக்கிறதா, "எனது பங்கில்" என்றிருக்கிறதா என்று பாருங்கள். "எனது பங்கில்" என்றால் பெருக்கிய பின்னரே கூட்டுங்கள். பொதுப் பகுதியைக் கண்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். தொகுதிகளைக் கூட்டுங்கள். பகுதி வராவிட்டால், வரும்வரை எதிலும் கையொப்பம் வைக்க வேண்டாம்.

தரம் 7 இல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்தத் தாளைப் போட அதையே உட்கார வையுங்கள். பாடத்துக்கும் பயிற்சியாகும். தன் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ எத்தனை பங்கு என்று பிள்ளை தன் கையால் எழுதியதும் வீட்டில் இருக்கும்.